அக்கா வீட்டுக் கலண்டர்: பாசலில் ஒரு பாட்டு வாரம்

2025 மே 10, சனி

சுவிஸின் பாசல் ரயில் நிலையத்தில் பெறாமகள் காத்து நின்றாள். என் பெட்டியைப் பறித்துக்கொண்டு, "சித்தி, நாளைக்கு நேரத்தோட வெளிக்கிட வேணும். கம்பளம் பாக்கப் போறம்" என்றாள். ஒரு தேத்தண்ணி குடிக்கக்கூட நேரம் தரவில்லை.

யாழ்ப்பாணத்தில் 30 வருடமாகப் பிள்ளைகளுக்குச் சங்கீதம் படிப்பிக்கிறேன். யூரோவிஷன் என்ற பெயரை முதன்முதலில் கேட்டது 2016இல், இவள் அனுப்பிய காணொளி ஒன்றில்தான். ஜமாலா என்ற உக்ரைன் பாடகி '1944' என்ற பாட்டைப் பாடினார். பாதி ஆங்கிலம், பல்லவி கிரிமியத் தாத்தார் மொழி. மொழி விளங்கவில்லை. ஆனால் பின்னணியில் துடுக் என்ற ஆர்மேனியக் குழலின் ஒலி எழுந்தபோது, இது ஒப்பாரி என்று காது சொல்லிவிட்டது. அன்றிலிருந்து ஒவ்வொரு மே மாதமும் இந்தப் போட்டியைத் தொடர்ந்து பார்க்கிறேன். இப்போது ஊரிலிருந்து நேரிலேயே வந்துவிட்டேன்.

தெரியாதவர்களுக்கு ஒரு சொல்: 1956இல் தொடங்கிய, நாடுகளுக்கு இடையிலான பாட்டுப் போட்டி இது. நடத்துவது ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம். நாடுகளின் பொதுத் தொலைக்காட்சிகள் சேர்ந்த சங்கம் அது. தலைமையகம் ஜெனீவாவில். போன வருடம் சுவீடனின் மால்மோ நகரில் சுவிஸ் பாடகர் நெமோ வென்றார். வென்ற நாடுதான் அடுத்த வருடம் நடத்த வேண்டும் என்பது வழக்கம். அப்படித்தான் பாசலுக்கு வந்திருக்கிறது. 37 நாடுகள். 13ஆம், 15ஆம் திகதிகளில் அரையிறுதி, 17ஆம் திகதி இறுதி.

அக்கா வீட்டுக் குசினிச் சுவரில் தமிழ்க்கடை கொடுத்த கலண்டர் தொங்குகிறது. 13, 15, 17 மூன்றையும் பெறாமகள் நீலப் பேனையால் வட்டமிட்டு வைத்திருக்கிறாள். 12இலிருந்து 18 வரை அக்கா சிவப்புக் கோடு இழுத்து, 18ஐச் சுற்றி இரண்டு வட்டம் போட்டிருக்கிறா. முள்ளிவாய்க்கால் வாரம், 2009 போரின் கடைசி நாள்களில் செத்தவர்களை நினைக்கும் வாரம். அந்த ஏழு நாளும் இந்த வீட்டில் மத்தியானம் கஞ்சிதான். நீலமும் சிவப்பும் ஒரே வரிசையில் ஒன்றுக்குமேல் ஒன்றாகக் கிடந்தன. அதைப் பார்த்துக்கொண்டே சோறு சாப்பிட்டேன்.

மே 11, ஞாயிறு

கம்பளம் என்றால் சும்மா கம்பளம் இல்லை. மார்க்ட்பிளாட்ஸில் இருக்கும் செங்கல் நிற நகர மண்டபத்தில் தொடங்கி, ரைன் ஆற்றின் மேல் நடுப் பாலத்தைக் கடந்து, கண்காட்சி மண்டபம் வரை 1.3 கிலோமீற்றர் மயில்நீலம். 37 நாட்டுப் பாடகர்களும் பழைய ட்ராம்களிலும் பழைய கார்களிலும் அதன் மேல் வந்தார்கள். பாசல் திருவிழாக்காரர் முரசும் சிறு குழலும் வாசித்தபடி முன்னே போனார்கள். இறுக்கமான, ஒரே சீரான கை. மிருதங்கக்காரர் யாராவது பக்கத்தில் நின்றிருந்தால் தாளம் போட்டிருப்பார்.

நாங்கள் பாலத்தின் தலைப்பில் இடம்பிடித்தோம். பக்கத்தில் 'மூன்று அரசர்கள்' என்ற பழைய ஹோட்டல். ஆற்றைப் பார்த்த பால்கனிகள். அதில் ஒன்றில்தான் தியோடோர் ஹெர்ஸ்ல் கைகட்டிச் சாய்ந்து நின்று எடுத்த புகழ்பெற்ற படம் இருக்கிறது. தாடியும் தூரப் பார்வையுமாக அவர் நிற்கும் அந்தப் படத்தைப் பார்க்காத இஸ்ரேலியர் அரிது. 1897 ஓகஸ்டில், யூதருக்கென்று தனி நாடு தேடிய முதலாவது சியோனிச மாநாட்டை ஹெர்ஸ்ல் கூட்டியது இந்த நகரில்தான்.

அந்தப் பால்கனிக்குக் கீழேதான் இஸ்ரேல் பாடகி யுவால் ரபாயேல் வந்த வண்டி போனது. கூட்டத்தில் ஒரு பகுதி பாலஸ்தீனக் கொடிகளை உயர்த்தியது. கத்தினார்கள். கழுத்தை அறுப்பதுபோல் ஒருவர் சைகை காட்டினார் என்று இஸ்ரேல் தரப்பு பிறகு முறையிட்டது. அதை நான் காணவில்லை. கண்டது, தன் அப்பாவின் தோளில் இருந்த ஒரு சிறு பிள்ளை, யாருடைய வண்டி என்ற வித்தியாசம் இல்லாமல் எல்லாருக்கும் கை காட்டியது.

ரபாயேல் 2023 ஒக்டோபர் 7 அன்று ஹமாஸ் தாக்கிய நோவா இசை விழாவில் இருந்தவர். சாலையோரப் பதுங்கிடத்தில், இறந்தவர்களின் உடல்களுக்கு அடியில் கிடந்து தப்பியவர். அதையும் நினைத்தேன். காசாவில் அன்றைக்கு வரை 50,000 பேருக்கு மேல் கொல்லப்பட்டிருந்தார்கள் என்பதையும் நினைத்தேன். ஒன்றை நினைக்க மற்றதை மறக்க வேண்டும் என்று யாரும் என்னைக் கேட்கக்கூடாது. பங்கரில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு பாட்டுச் சொல்லிக்கொடுத்தவள் நான்.

மே 12, திங்கள்

கஞ்சி முதல் நாள். அரிசி, தண்ணீர், உப்பு. வேறு ஒன்றும் இல்லை. 2009இல் அந்தக் கடற்கரையில் சனத்துக்குக் கிடைத்தது அவ்வளவுதான் என்பதால், அக்கா ஒரு துண்டு வெங்காயம்கூடச் சேர்க்க விடமாட்டா.

பிறகு தனியாக ட்ராம் ஏறி பார்ஃபுசர்பிளாட்ஸ் போனேன். ஸ்டாட்கசினோ என்ற இசைமண்டபம் அங்கேதான் இருக்கிறது. கசினோ என்று பெயரே தவிர சூதாட்டம் இல்லை. 1876இல் கட்டியது, ஒலிக்குப் பேர் போனது. 1897 மாநாடு நடந்தது இந்த மண்டபத்தில். மாநாடு முடிந்த சில நாளில் ஹெர்ஸ்ல் தன் நாட்குறிப்பில், பாசலில் நான் யூத நாட்டை நிறுவிவிட்டேன், இன்று இதை உரக்கச் சொன்னால் எல்லாரும் சிரிப்பார்கள், ஐம்பது ஆண்டில் நிச்சயம் எல்லாரும் ஒத்துக்கொள்வார்கள் என்று எழுதினார். 51 ஆண்டில் அது நடந்தது.

அந்த வாசலுக்கு முன்னால் இப்போது யூரோவிஷன் கொடித் தோரணம். இளசுகள் மினுமினுப்புப் பூசிய முகத்தோடு சோசேஜ் சாப்பிடுகிறார்கள். இந்த நகரில் இந்த வருடம் "அரசியல் வேண்டாம்" என்று சொல்வதற்கு, கல்லுக்கும் காது இல்லை என்று நம்ப வேண்டும்.

ஒன்றியத்தின் விதி தெளிவாகத்தான் இருக்கிறது. பாட்டிலும் பேச்சிலும் சைகையிலும் அரசியல் கூடாது. சிக்கல், எது அரசியல் என்று யார் தீர்ப்பது என்பதில். சில தீர்ப்புகளை வரிசையாக நினைத்துப் பார்த்தேன்.

1974இல் துருக்கி சைப்பிரஸ் மீது படையெடுத்த அழிவை 1976இல் கிரேக்கம் ஒப்பாரியாகப் பாடியது. துருக்கி போட்டிக்கே வரவில்லை. பாட்டு மேடையேறியது. 2009இல், ரஷ்யாவோடு போர் முடிந்து ஒரு வருடம் ஆகாத நிலையில், ஜோர்ஜியா கொண்டுவந்த பாட்டில் புட்டின் பெயர் ஒலிப்பதுபோல ஒரு சொல் விளையாட்டு இருந்தது. மாற்று என்றார்கள். மாற்ற மறுத்து விலகினார்கள். 2016இல் ஜமாலாவின் '1944' கிரிமியத் தாத்தார்களை ஸ்டாலின் நாடுகடத்தியதைப் பற்றியது. கிரிமியாவை ரஷ்யா பிடித்து இரண்டு வருடம்தான். ரஷ்யாவில் எதிர்ப்புக் கிளம்பியது. இது வரலாறு, அரசியல் இல்லை என்று ஒன்றியம் அனுமதித்தது. அந்தப் பாட்டே வென்றது, 534 புள்ளி. 2024இல் இஸ்ரேல் கொடுத்த பாட்டின் பெயரில் ஒக்டோபர் இருந்தது. கூடாது என்றார்கள். சொற்களை மாற்றி, 'சூறாவளி' என்று பொருள்படும் பெயரோடு அதே மெட்டில் அதே பாடகி பாடினார்.

நான்கும் காயத்தைப் பற்றிய பாட்டுகள்தாம், ஜோர்ஜியாவினது கொஞ்சம் துள்ளல் என்றாலும். 72 வருடம் பழையதானால் அது வரலாறு, ஒரு வருடம்கூட ஆகாத காயமானால் அரசியல் என்ற கணக்குப்போல் தெரிகிறது. அப்படியென்றால் 1976? அந்தக் காயத்துக்கு இரண்டு வயதுதான். எனக்கு இதில் கோபம் இருக்கிறது, மறைக்கவில்லை. கோபம் அனுமதித்ததில் இல்லை. ஒவ்வொரு முறையும் வேறு வேறு அளவுகோலை எடுப்பதில்தான். எந்த அளவுகோல் என்று வெளிப்படையாக எழுதிவைத்தால் போதும்.

மே 13, செவ்வாய்

முதல் அரையிறுதி, வீட்டு ரி.வியில். சுவீடனுக்காகப் பாடிய மூவரும் பின்லாந்துக்காரர். அங்கே சுவீடிய மொழி பேசும் சிறுபான்மையினர். தங்கள் ஊர்ப் பேச்சுவழக்கிலேயே நீராவிக் குளியலைப் பற்றிப் பாடினார்கள். ஒரு மூலையில் பேசும் வழக்கு ஐரோப்பா முழுக்க ஒலிப்பதைப் பார்க்க எனக்குத் தொண்டை அடைத்தது. எங்கள் நாட்டில் தேசிய கீதத்தைத் தமிழில் சுதந்திர தின விழாவில் பாட 2016 வரை காத்திருந்தோம். 2020இல் திரும்பவும் நிறுத்தினார்கள். எந்த மொழியில் பாடுவது என்பதே அரசியல் என்று எனக்கு யாரும் புத்தகத்தில் காட்டவேண்டியதில்லை.

போர்த்துக்கல் பாட்டு மடெய்ரா தீவை விட்டு லிஸ்பனுக்கு வந்த பிள்ளைகளின் ஏக்கம். இறுதிக்குத் தெரிவானது. அத்தான் கதிரையிலிருந்து நிமிர்ந்து, "இந்த நாடுதானே பாட்டைப் போட்டு ஆட்சியைக் கவுத்தது" என்றார்.

உண்மைதான். 1974 ஏப்ரல் 6, இங்கிலாந்தின் பிரைட்டன். சுவீடனின் அபா குழு வென்ற அந்த இரவில் பவுலோ டி கார்வாலியோ போர்த்துக்கலுக்காக ஒரு காதல் பிரிவுப் பாட்டுப் பாடினார். மூன்றே புள்ளி, கடைசி இடத்தைப் பங்கிட்டது. 18 நாள் கழித்து, ஏப்ரல் 24 இரவு 10.55க்கு லிஸ்பன் வானொலி ஒன்று அதே பாட்டை ஒலிபரப்பியது. சர்வாதிகாரத்துக்கு எதிராகப் படைமுகாம்களில் காத்திருந்த இளம் அதிகாரிகளுக்கு அது முதல் சமிக்ஞை. நள்ளிரவு தாண்டி இன்னொரு பாட்டு, இரண்டாவது சமிக்ஞை. விடிந்தபோது துப்பாக்கி முனைகளில் கார்னேஷன் பூ. ஏன் இந்தப் பாட்டைத் தெரிந்தார்கள்? அதில் அரசியல் ஒரு சொல்லும் இல்லை, யாரும் சந்தேகிக்க மாட்டார்கள் என்பதால்தான்.

விதிகளை எழுதுகிறவர்கள் சொல்லைத்தான் சோதிக்கிறார்கள். ஒரு பாட்டு எந்த மணிக்கு, யாருக்காக ஒலிக்கிறது என்பதை எந்தக் குழுவும் சோதிக்க முடியாது.

மே 14, புதன்

பாசலில் பாலம் போக, ஆற்றைக் கடக்க நான்கு சிறு படகுகள் உண்டு. இயந்திரம் இல்லை. மேலே ஒரு கம்பி, படகை அதோடு கட்டியிருக்கிறார்கள். படகுக்காரர் சுக்கானைத் திருப்ப, ஆற்றோட்டமே அக்கரைக்குத் தள்ளிக்கொண்டு போகிறது. அதில் வைத்துத்தான் அக்காவின் பக்கத்து வீட்டுப் பொஸ்னியப் பெண்மணி தன் கதையைச் சொன்னா. பெறாமகள் ஜெர்மனிலிருந்து எனக்குத் தமிழாக்கினாள்.

1993இல் அவ சரயேவோவில் முற்றுகைக்குள் இருந்தவ. அந்த வருடம் பொஸ்னியா சுதந்திர நாடாக முதல்முறை போட்டியில் கலந்துகொண்டது. பாடகர் ஃபஸ்லாவும் குழுவும் இரவில் விமான ஓடுபாதையைக் குண்டுகளுக்கு நடுவே ஓடிக் கடந்து வெளியேறினார்கள். போட்டி அயர்லாந்தின் மில்ஸ்ட்ரீட் என்ற சின்னஞ்சிறு ஊரில். புள்ளி சொல்லும் நேரம் வந்தது. சரயேவோவுக்குப் போட்ட தொலைபேசியில் இரைச்சல். அந்த இரைச்சலுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்ததும் மண்டபம் முழுக்கக் கைதட்டியது.

"நாங்கள் மின்சாரம் இல்லாமல் இருந்தோம். பார்க்கவில்லை. ஆனால் குரல் போய்ச் சேர்ந்தது என்று தெரிந்தது" என்றா. போய்ச் சேர்ந்தது. 'உலகத்தின் வலி எல்லாம்' என்பதுதான் பாட்டின் பெயர். அதற்கு அப்போது யாரும் அரசியல் என்று பெயர் வைக்கவில்லை.

இப்போது பொஸ்னியா போட்டியில் இல்லை. 2016க்குப் பிறகு வரவே இல்லை. அதன் பொதுத் தொலைக்காட்சி ஒன்றியத்துக்குக் கடன்பட்டுக் கிடக்கிறது. நாட்டைப் பிரித்து ஆளும் தரப்புகள் தொலைக்காட்சிக் கட்டணத்தில் ஒத்துக்கொள்ளாததுதான் கடனுக்கு வேர் என்கிறா அவ. கொசோவோவோ ஒருமுறையும் வந்ததில்லை. அதன் தொலைக்காட்சிக்கு ஒன்றியத்தில் முழு உறுப்புரிமை இல்லை. இங்கே நாடு என்றால் வரைபடம் அல்ல, உறுப்பினர் அட்டை. இஸ்ரேல் 1973இலிருந்து பாடுவதும், மொரோக்கோ 1980இல் ஒரே ஒரு தடவை வந்துபோனதும், அவுஸ்திரேலியா 2015இலிருந்து பாடுவதும் அப்படித்தான்.

இதே நகரத்துச் சனம் போன நவம்பரில் இந்தப் போட்டிக்காக வாக்குச்சாவடிக்கும் போயிருக்கிறது. சிறு கிறிஸ்தவக் கட்சி ஒன்று கையெழுத்துத் திரட்டி, பாசல் மாநிலம் போட்டிக்கு ஒதுக்கிய சுமார் 3.5 கோடி பிராங்கைப் பொது வாக்கெடுப்புக்குக் கொண்டுவந்தது. மூன்றில் இரண்டு பங்குக்காரர் 'ஆம்' என்றார்கள். அத்தானுக்குச் சுவிஸ் குடியுரிமை உண்டு, அவரும் ஆம். "அகதியா வந்த எனக்கு ஒரு பாட்டுப் போட்டிக்கு வோட்டுப் போடச் சொல்லிக் கடிதம் வந்தது. போடாமல் விடுவனே?" என்றார்.

மே 15, வியாழன்

கலண்டரில் நீல வட்டம். பாலஸ்தீனருக்கு இது நக்பா நாள். 1948இல் 7 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வீடிழந்ததை நினைவுகூரும் நாள். ரபாயேல் அரையிறுதியில் பாடியதும் இதே நாள். திகதியைத் தெரிந்தவர்கள் வேண்டுமென்று செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. கவனிக்காமல் விட்டார்கள் என்றால் அதுவும் எனக்கு வலிக்கிறது.

பகல் ஒத்திகையில் ஆறு பேர் பெரிய கொடியும் விசிலுமாக எழுந்து குழப்ப, வெளியேற்றினார்கள். மாலை ஒளிபரப்பு அமைதியாகப் போனது. இந்த வருடம் கொடி விதியும் மாறியிருக்கிறது. பார்வையாளர் பாலஸ்தீனக் கொடி உட்பட, சுவிஸ் சட்டம் தடுக்காத எந்தக் கொடியையும் பிடிக்கலாம். மேடையில் பாடகர் தன் நாட்டுக் கொடியை மட்டும் பிடிக்கலாம். 2019இல் டெல் அவிவில் பாலஸ்தீனக் கொடி பொறித்த துண்டைக் கமராவுக்குக் காட்டியதற்காக ஐஸ்லாந்துத் தொலைக்காட்சி 5,000 யூரோ தண்டம் கட்டியது. இந்த மாதம் முன்னாள் போட்டியாளர் 70 பேருக்கு மேல் இஸ்ரேலை நீக்கக் கேட்டுக் கடிதம் எழுதினார்கள். நடப்பு வெற்றியாளர் நெமோவும் அதே கருத்தைச் சொல்லிவிட்டார். (நெமோ தன்னை ஆணென்றும் பெண்ணென்றும் சொல்லாதவர். 'அவர்' என்ற நம் சொல் இடறாமல் பொருந்துகிறது.)

2022 பெப்ரவரி 25ஐ எல்லோரும் இங்கே நினைவூட்டுகிறார்கள். உக்ரைன் மீது படையெடுத்த மறுநாளே ரஷ்யாவை ஒன்றியம் நீக்கியது. நல்ல முடிவு, இன்றும் சொல்வேன். ஒன்றியம் சொல்லும் வேறுபாடு, ரஷ்யத் தொலைக்காட்சிகள் அரசின் கருவியாக இருந்தன, இஸ்ரேலின் 'கான்' தன் அரசோடு மோதும் சுயாதீன நிறுவனம் என்பது. கானை மூட அங்குள்ள அமைச்சர்களே முயல்கிறார்கள் என்பது உண்மை. இருந்தும், மேடையில் எழுதியிருப்பது கான் அல்ல, நாட்டின் பெயர். பார்க்கும் 16 கோடிப் பேரும் வாசிப்பது அதைத்தான்.

மே 16, வெள்ளி

எங்கும் போகவில்லை. கஞ்சி குடித்தோம். பெறாமகளின் சிநேகிதிகள் வந்து சட்டைகளுக்கு மினுக்கு ஒட்டினார்கள். ரஷ்யா தனக்கென்று 'இன்டர்விஷன்' என்ற பழைய போட்டியை உயிர்ப்பிக்கப் போகிறதாம். பெப்ரவரியில் புட்டின் ஆணையே இட்டிருக்கிறார், செப்டெம்பரில் மொஸ்கோவில். பனிப்போர்க் காலத்தில் போலந்தின் சோபோட்டில் 1977இலிருந்து நான்கு வருடம் நடந்ததன் பெயர் அது.

மே 17, சனி: இரவு 2.30

இன்னும் காது இரைகிறது.

இறுதி நடந்தது சங்க்ட் யாக்கோப் மண்டபத்தில். எங்களுக்குக் கிடைத்த ரிக்கெட் பக்கத்து உதைபந்தாட்ட அரங்குக்கு, பெரிய திரைகளில் பார்க்க. 36,000 பேர். அக்காவும் வந்தா. குளிருக்குச் சால்வையால் தலையை மூடிக்கொண்டு, கடைசி வரை இருந்தா.

ஆஸ்திரியாவின் ஜேஜே தொண்டை திறந்ததும் நான் எழுந்து நின்றுவிட்டேன். உச்சஸ்தாயி ஆண்குரல், வியன்னா ஒபெரா மேடையில் பழகியது, தாய் பிலிப்பினோ. தாரஸ்தாயியில் சுருதி ஒரு மயிரிழையும் விலகாமல் நின்றது. அரசியல் எல்லாம் மறந்த மூன்று நிமிடம் அது. அந்த மூன்று நிமிடத்துக்காகத்தான் இந்தப் போட்டியில் எனக்கு இன்னும் பிடிமானம்.

பிறகு வாக்கு. பாதிப் புள்ளி நடுவர் குழுக்கள், பாதி சனம். ஒவ்வொரு நாடும் தன் முதல் பத்துக்கு மட்டும் 12, 10, 8இலிருந்து 1 வரை கொடுக்கும். பதினோராவதாக வந்தால் ஒன்றும் இல்லை. நடுவர் புள்ளியில் ஆஸ்திரியா 258, அடுத்து சுவிஸின் ஸோயே மே 214. அரங்கு குதித்தது. பிறகு சனத்தின் வாக்குகள் கீழிருந்து மேலாக வாசிக்கப்பட்டன. நடுவர்கள் 60 புள்ளி கொடுத்த இஸ்ரேலுக்குச் சனம் 297. பட்டியலின் உச்சிக்குப் போனது. விசிலும் கைதட்டலும் கலந்த ஓர் ஓசை, எது எதுவென்று பிரிக்க முடியாதது. எஸ்தோனியா 356இல் நின்றது, ஒரு புள்ளி குறைவு. சுவிஸின் முறை. அறிவிப்பாளர் சொன்னார்: பூச்சியம்.

36,000 பேர் ஒரே நேரத்தில் பேச்சிழந்ததை நான் வேறெங்கும் கேட்டதில்லை. ஸோயே மேயின் பாட்டு மென்மையானது, பிரெஞ்சில், 'பயணம்' என்று பொருள்படும் தலைப்பு. அதை வெறுத்தவர் யாருமில்லை. எல்லா நாட்டிலும் பதினொன்றாகவோ பன்னிரண்டாகவோ பிடித்திருந்தால் பூச்சியம்தான். இம்முறை ஒரு தொலைபேசியிலிருந்து 20 வாக்கு வரை போட முடிந்தது. ஆகவே, மெல்லப் பிடித்தவர்கள் நிறையப் பேர் இருந்தும் பயனில்லை. உயிரைக் கொடுத்து 20 தடவை அழுத்துகிற கொஞ்சப் பேர் இருந்தால் போதும். அரசியல் உள்ளே நுழையும் கதவு இதுதான் என்று நினைக்கிறேன். ஒரு நாட்டை நேசிக்கிறவரும், அதற்காகக் கவலைப்படுகிறவரும் ஒரே பெயரை 20 தடவை அழுத்துவார்கள். எதிர்க்கிறவர்கள் 25 நாடுகளுக்கு நடுவே சிதறிப்போவார்கள். 'வேண்டாம்' என்று அழுத்த ஒரு எண் இல்லை.

மிச்சம் ஆஸ்திரியா. 100 புள்ளி வேண்டும். 178 வந்தது. மொத்தம் 436. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்தப் பெடியன் வெண்டிட்டானே? நல்லது, நல்லாப் பாடினவன்" என்றா.

மே 18, ஞாயிறு

காலையில் அத்தான் கறுப்புச் சட்டையோடு நினைவு நிகழ்வுக்கு ரயில் ஏறினார். அக்கா தம்பியின் படத்துக்கு முன்னால் விளக்கேற்றினா. அவனுக்கு 19 வயது. கடைசியாக அவனைக் கண்டவர்கள் மாத்தளனில் கண்டார்கள். அவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும்.

கஞ்சியைச் சிரட்டையில் வார்த்தோம். பெறாமகள் இரவு பூசிய மினுக்கைக் கழுவியும் கண்ணோரத்தில் இரண்டு பொட்டு மிச்சம் இருந்தது. குடித்துவிட்டு, கேட்காமலே '1944' பாட்டைப் போட்டாள். "சித்தி, இதுவும் மே 18தான்" என்றாள்.

எனக்கு இது தெரியாது. ஒன்பது வருடமாக அந்தப் பாட்டைக் கேட்கிறேன், தெரியாது. 1944 மே 18 விடியற்காலையில்தான் கிரிமியத் தாத்தார்களை வீடுகளிலிருந்து இழுத்து, மாடு ஏற்றும் ரயில் பெட்டிகளில் ஏற்றத் தொடங்கினார்கள். மூன்று நாளில் சுமார் 1,90,000 பேர், பெரும்பாலும் உஸ்பெகிஸ்தானுக்கு. ஜமாலாவின் பூட்டி ஐந்து பிள்ளைகளோடு ஏற்றப்பட்டா. ஒரு மகள் வழியில் இறந்தாள். அந்தப் பூட்டி சொன்ன கதைதான் பாட்டு. உக்ரைனில் இன்று விளக்கேற்றும் நாள். அந்த வருடம் 14ஆம் திகதி வென்று நான்காம் நாள் அவர்களுக்கு நினைவு நாள்.

அக்கா திரும்பவும் போடச் சொன்னா. துடுக் ஒலிக்கும் இடத்தில் கண்ணை மூடினா. "இது எங்கட ஆக்கள் பாடினது மாதிரி இருக்கு" என்றா. எங்கள் ஆட்களுக்குப் பாட ஒரு தொலைக்காட்சி உறுப்புரிமை இல்லை என்று நான் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை.

பின்னேரம் பெறாமகளின் ஸ்பானியச் சிநேகிதி ஒரு படம் அனுப்பினாள். நேற்று ஒளிபரப்பு தொடங்குமுன் ஸ்பெயின் பொதுத் தொலைக்காட்சி கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் போட்டது. மனித உரிமைகளுக்கு முன்னால் மௌனம் ஒரு தெரிவு அல்ல, பாலஸ்தீனத்துக்கு அமைதியும் நீதியும் என்று. அரையிறுதியில் அவர்களுடைய வர்ணனையாளர்கள் காசாவின் இறப்பு எண்ணிக்கையைச் சொன்னதற்கு, திரும்பச் சொன்னால் தண்டம் என்று ஒன்றியம் எச்சரித்திருந்தது. பேசக்கூடாது என்றார்கள், எழுதிக் காட்டினார்கள்.

மே 19, திங்கள்: லுகானோ

தனியாக வந்தேன். கொத்தார்ட் மலைக்கு அடியில் 57 கிலோமீற்றர் சுரங்கம். உள்ளே போகும்போது சுவிஸின் ஜெர்மன் பேசும் பக்கம், வெளியே வரும்போது இத்தாலியன் பேசும் பக்கம். ஏரிக்கரையில் பனைகள் நிற்கின்றன. கட்டையான, தும்பு படர்ந்த பனை. எங்கள் பனை இல்லை. இருந்தாலும் நின்று பார்த்தேன்.

1956 மே 24 அன்று முதலாவது யூரோவிஷன் நடந்தது இங்கே, குர்சால் அரங்கில். அரங்கு இப்போது இல்லை. அந்த இடத்தில் கசினோ, இது உண்மையான கசினோ. ஏழு நாடுகள், நாட்டுக்கு இரண்டு பாட்டு. சுவிஸின் லிஸ் ஆசியா வென்றார். நாட்டுக்கு இரண்டு நடுவர், இரகசிய வாக்கு, சொந்த நாட்டுக்கும் போடலாம். லக்சம்பேர்க் நடுவர்களை அனுப்ப முடியாததால் அவர்களுக்குப் பதில் சுவிஸ்காரர் வாக்களித்தார்கள். வென்றது யார் என்று மட்டும் அறிவித்தார்கள். மற்றப் பதின்மூன்று பாட்டுகளின் புள்ளிகள் இன்றுவரை வெளியாகவில்லை. ஸ்பெயின் தொலைக்காட்சி இப்போது தன் நாட்டு வாக்குகளைத் தணிக்கை செய்யக் கேட்கிறது. கேட்பது சரி. எண்களை மேசையில் வைக்கட்டும்.

அந்த இரவில் ஜெர்மனிக்காகப் பாடிய இருவரில் ஒருவர் வால்டர் அன்ட்ரியாஸ் ஷ்வார்ட்ஸ். நாசி வதைமுகாமில் இருந்து மீண்டவர். போர் முடிந்து 11 வருடத்தில், அதே நாட்டின் பெயரைத் தாங்கி மேடையேறினார். பாட்டின் தலைப்பு: பெரும் மகிழ்ச்சியின் காத்திருப்பு அறையில். அரசியல் ஒரு சொல்லும் இல்லை. நேற்றைய நினைப்பிலேயே இருந்து நாளைக்காகக் காத்திருக்கிறவர்கள், இன்று இருப்பதை மறந்துவிடுகிறார்கள் என்பதுபோன்ற பொருள்.

லுகானோ நிலையத்தின் வாங்கில் இருந்து அதை இரண்டு தடவை கேட்டேன். தாழ்ந்த குரல், பாடுவதைவிடப் பேசுவதுபோல். அவருக்கு அன்றைக்கு எத்தனை புள்ளி கிடைத்தது என்று ஒரு பதிவிலும் இல்லை. மூன்றாம் தடவை போடுமுன் பாசல் வண்டி வந்துவிட்டது.